யோகா: எதை வகுப்பில் கற்பது, எதை வீட்டில் செய்வது?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், சலூன், யோகா மையம் போன்ற சேவைகளுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கட்டணம் குறையுமென்றால் மையத்தில் சேர்ந்துவிடலாமா, யூடியூபைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே செய்தால் போதாதா என்ற பழைய கேள்வி இதனால் மறுபடி கிளம்பியிருக்கிறது. வரிக் கணக்கைப் பின்னால் பார்ப்போம். வகுப்பு எந்த வேலையைச் செய்கிறது, வீடு எந்த வேலையைச் செய்கிறது என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வகுப்பிலும் பல வகை, வீட்டிலும் பல வகை

நடைமுறையில் நம்முன் இருக்கும் வழிகள் இவை:

1. மாதக் கட்டணம் வாங்கும் தனியார் மையம். ஏசி, கண்ணாடிச் சுவர், காலையும் மாலையும் பேட்ச்.
2. மன்றம் அல்லது அறக்கட்டளை. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில்கூட இருக்கின்றன. எளிய முறை உடற்பயிற்சியை அங்கே கற்றுக்கொண்டு, அப்புறம் தினமும் வீட்டில் செய்து வர வேண்டும் என்பதுதான் அங்குள்ள ஏற்பாடு.
3. அப்பார்ட்மென்ட் ஹாலுக்கோ பூங்காவுக்கோ மாஸ்டர் வந்து எடுக்கும் வகுப்பு.
4. ஒருவருக்கு ஒரு ஆசிரியர் என்ற தனி வகுப்பு.
5. வீட்டிலிருந்தபடி நேரலை வகுப்பு. கேமராவை ஆன் செய்தால் ஆசிரியர் நம்மைப் பார்க்க முடியும்.
6. வீட்டில், பதிவு செய்த வீடியோ. நாம் பார்க்கலாம், நம்மை யாரும் பார்ப்பதில்லை.
7. வீட்டில், ஏற்கெனவே கற்றதை நினைவிலிருந்து செய்வது.

இந்தப் பட்டியலில் இடத்தைவிட முக்கியம், உங்களைப் பார்க்கும் கண் ஒன்று இருக்கிறதா என்பதுதான். நாற்பது பேர் இருக்கும் ஹாலில் கடைசி வரிசையில் நிற்பவருக்கும், வீட்டில் வீடியோ பார்த்துச் செய்பவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேர வகுப்பு, தொடக்கத்துக்கும் கடைசி சவாசனத்துக்கும் 15 நிமிடம் போனால் மிச்சம் 45 நிமிடம். முப்பது பேர் இருந்தால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். அதுவும் மாஸ்டர் தானே செய்து காட்டாமல் முழு நேரமும் நடந்து திரிந்தால் மட்டும்.

திருத்தமும் பழக்கமும்

ஆசனப் பயிற்சிக்கு இரண்டு விஷயங்கள் தேவை. ஒன்று திருத்தம்: செய்வது சரியா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்வது. இன்னொன்று பழக்கம்: அதையே அடிக்கடி, நாள் தவறாமல் செய்வது. பாட்டு கிளாஸில் சேர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வாரம் ஒரு நாள் டீச்சரிடம் போய் ஸ்ருதி விலகுவதைத் திருத்திக்கொள்ள வேண்டும், மிச்ச நாளெல்லாம் வீட்டில் சாதகம் செய்ய வேண்டும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

திருத்தம் ஏன் அவசியம் என்பதற்கு உடலின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. கை கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நரம்பு உணர்விகள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவது இதனால்தான். ஆனால் இந்த உணர்வு பழக்கத்துக்கு ஒத்துப்போய்விடும். பத்து வருடம் கம்ப்யூட்டர் முன்னால் தோளைக் குறுக்கி உட்கார்ந்தவருக்கு அந்தக் குறுகல்தான் நேராகத் தெரியும். அவரை உண்மையில் நிமிர்த்தி உட்கார வைத்தால் பின்னால் சாய்கிற மாதிரி இருக்கிறது என்பார். அதனால் "எனக்குச் சரியாகத்தான் படுகிறது" என்பது, தொடக்கத்தில் இருப்பவர் விஷயத்தில் நம்பகமான சாட்சி இல்லை.

பஸ்சிமோத்தாசனத்தை எடுத்துக்கொள்வோம். காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து, கால் கட்டைவிரலைப் பிடிக்க வேண்டும். வீடியோவில் பார்க்கும்போது தலை முழங்காலைத் தொடுகிறது. வீட்டில் செய்பவருக்கும் இலக்கு அதுவாகிவிடுகிறது: எப்படியாவது விரலைப் பிடிப்பது. இங்கே கவனிக்க வேண்டியது, வளைவு எங்கே நடக்கிறது என்பது. தொடையின் பின்தசை இறுக்கமாக இருந்தால் இடுப்பு எலும்பு முன்னால் சாயாது. சாயாத இடுப்புக்குப் பதிலாக அடிமுதுகு கூன் போட்டு வளைந்து கொடுக்கும். விரல் கைக்கு எட்டிவிடும், ஆனால் பாரம் முழுவதும் கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுகள் மேல் விழும். அனுபவமுள்ள ஆசிரியர் இதைப் பக்கவாட்டிலிருந்து ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அவர் செய்வது ரொம்பச் சின்ன வேலை: உட்காரும் எலும்புக்குக் கீழே ஜமுக்காளத்தை நாலாக மடித்து வைப்பார், முழங்காலை லேசாக மடக்கச் சொல்வார், விரலை விட்டுவிட்டுக் கெண்டைக்காலைப் பிடிக்கச் சொல்வார். இடுப்பு முன்னால் சாயத் தொடங்கும். பார்க்க முன்பைவிடக் குறைவாகக் குனிந்த மாதிரி இருக்கும், நீட்சியோ சரியான இடத்தில் கிடைக்கும்.

இந்தத் திருத்தத்தை ஒருமுறை வாங்கிக்கொண்டால் போதும், அடுத்த ஆறு மாதம் அதை வீட்டிலேயே செய்யலாம். ஒவ்வொரு முறையும் பணம் கட்டிக் கேட்க வேண்டியதில்லை.

பெரிய குருமார்கள் சொல்லிக்கொடுத்த விதம்

இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஆசன முறைகளில் பல, திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் போய் முடிகின்றன. 1930களில் மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்தினார். அங்கே சிறுவர்களுக்குக் கூட்டமாகவும் வேகமாகவும் சொல்லிக்கொடுத்தார். 1950களில் சென்னைக்கு வந்த பிறகு பெரும்பாலும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கற்பிக்கும் முறைக்கு மாறினார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் இந்த வழியைத் தொடர்ந்தது. ஒருவரின் வயது, வேலை, நோய் எல்லாவற்றையும் கேட்டு அவருக்கென்று ஒரு வரிசை தயாராகும். அதை அவர் வீட்டில் செய்வார், அப்புறம் திரும்பி வருவார், வரிசை மாற்றப்படும். வகுப்பு அங்கே ஆலோசனை, பயிற்சி நடப்பது வீட்டில்.

கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்த பட்டாபி ஜோயிஸ் மைசூரில் வளர்த்த முறை வேறு மாதிரி. எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வரிசையைத் தன் வேகத்தில் செய்வார்கள். ஆசிரியர் நடுவே நடந்து திருத்துவார். ஒரு ஆசனம் கைவந்த பிறகே அடுத்தது கிடைக்கும். இன்னொரு மாணவரான பி.கே.எஸ். அய்யங்கார் புனேயில் நாற்காலி, பெல்ட், மரக்கட்டை, கம்பளி என்று துணைப்பொருட்களைக் கொண்டுவந்தார். ஆசிரியரின் கை செய்யும் வேலையில் ஒரு பகுதியை இந்தப் பொருட்கள் செய்வதால், வீட்டுப் பயிற்சிக்கு அவர் செய்த பெரிய உதவி இதுதான் என்பேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே கட்டளைக்கு, ஒரே ஆசனம் செய்யும் வகுப்பு இந்த வழிகளில் ஒன்று மட்டுமே. பல பேருக்கு ஒரே நேரத்தில் கற்றுக்கொடுக்க அது வசதியான ஏற்பாடு. யோகா என்றாலே அதுதான் என்று நினைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவில் நடந்த மூன்று ஆய்வுகள் இந்தக் கேள்வியை நேராகவோ பக்கவாட்டிலோ தொடுகின்றன.

1. 2017இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 320 பேர், பெரும்பாலும் குறைந்த வருமானக்காரர்கள். யோகா பிரிவினர் முதல் 12 வாரம் ஆசிரியரிடம் கற்றார்கள். அதன் பிறகு 40 வாரத்துக்கு அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு பாதி வகுப்புக்குத் தொடர்ந்து வரலாம், இன்னொரு பாதி வீட்டில் செய்ய வேண்டும். ஒரு வருட முடிவில் இரு பாதிக்கும் வலி நிவாரணத்தில் வித்தியாசம் இல்லை. யோகாவின் பலன் பிசியோதெரபிக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தது.

2. 2011இல் வெளியான இன்னொரு முதுகுவலி ஆய்வு, 228 பேர். யோகா வகுப்பு, சாதாரண நீட்சிப் பயிற்சி வகுப்பு, தானே படித்துச் செய்யும் புத்தகம் என்று மூன்று பிரிவு. யோகா வகுப்பு புத்தகத்தை வென்றது, ஆனால் நீட்சி வகுப்பும் யோகாவுக்கு இணையாகவே வந்தது. வகுப்புக்குப் போனவர்களை மற்ற நாட்களில் வீட்டில் 20 நிமிடம் செய்யவும் சொல்லியிருந்தார்கள்.

3. 2012இல் அய்யங்கார் முறையில் பயிலும் 1,045 அமெரிக்கர்களிடம் எடுத்த கேள்விப்பட்டியல் ஆய்வு. எத்தனை வருடமாகச் செய்கிறார், எத்தனை வகுப்புக்குப் போகிறார் என்பதைவிட, வீட்டில் எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்பதே உடல்நலக் குறிகளோடு அதிகம் ஒத்துப்போனது.

மூன்றாவதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் வீட்டிலும் விடாமல் செய்கிறார்கள் என்று அதைத் திருப்பியும் படிக்கலாம். முதல் ஆய்வு அப்படியல்ல, யார் வீட்டில், யார் வகுப்பில் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஆனால் அதிலும் ஒன்றை மறக்கக்கூடாது. வீட்டில் செய்தவர்கள் யாரும் வீட்டிலேயே தொடங்கவில்லை. மூன்று மாதம் ஆசிரியரிடம் கற்ற பிறகே போனார்கள். "வீட்டில் செய்தாலும் அதே பலன்" என்று மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

தனியாகத் தொடக்கூடாத ஆசனங்கள்

சிரசாசனம் முதலில். கழுத்தின் மேல் விழும் பாரம் ஒரு பக்கம் இருக்க, கண்ணுக்கும் அதில் வேலை இருக்கிறது. சென்னையில் கண் மருத்துவர்கள் 75 யோகா பயிற்சியாளர்களைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆரோக்கியமான கண் அதைத் தாங்கும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அது ஆபத்து, அந்த நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டாமல் வளரும் என்பதுதான் சிக்கல். நியூயார்க்கில் 2015இல் வந்த ஆய்வு, கையையும் காலையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தி, தலை கீழே இருக்கும்படி நாற்பது வயதுக்காரர் சாதாரணமாகச் செய்யும் அதோமுக ஸ்வானாசனத்திலும் அழுத்தம் கணிசமாக ஏறுவதைக் காட்டியது. கண் பரிசோதனை செய்து வருடக்கணக்கானவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

எலும்பு அடர்த்தி குறையும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ள, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஆழமாக முன்குனிவது முதுகெலும்பை நசுக்கும் முறிவு வரை கொண்டுபோகலாம். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கர்ப்பம், அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை: இவற்றில் எது இருந்தாலும் கபாலபாதி, பஸ்திரிகா வேண்டாம். டிவியைப் பார்த்துப் பழகிய வேகமான மூச்சுப் பயிற்சிகளில் இந்த எச்சரிக்கைதான் அதிகம் தொலைந்துபோகிறது. காலுக்கு இறங்கும் முதுகுவலி இருப்பவர் முதலில் மருத்துவரிடம் போகட்டும், அப்புறம் பாயை விரிக்கலாம்.

ஆசிரியர் இல்லாமல் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஓரளவு பத்திரமான வழி ஒன்று இருக்கிறது. ஜூன் 21 சர்வதேச யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் தயாரித்த பொது யோகா நெறிமுறை. மொத்தம் 45 நிமிடம். தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம், வஜ்ராசனம், புஜங்காசனம் என்று எளிய ஆசனங்கள். சிரசாசனமும் சர்வாங்காசனமும் அந்தப் பட்டியலில் இல்லை. எதை யார் செய்யக்கூடாது என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது.

வகுப்பிலும் அடிபடும்

மையத்தில் சேர்ந்துவிட்டால் காயம் வராது என்று நினைப்பதும் தவறு. பக்கத்துப் பாயில் இருப்பவர் மடங்குவதைப் பார்த்து நாமும் இழுப்பது கூட்ட வகுப்பின் தனி வியாதி. கண்ணாடிச் சுவர் அதை இன்னும் கூட்டும். அடுத்தது, மாஸ்டர் முதுகில் அழுத்தி ஆசனத்துக்குள் "இறக்கிவிடுவது". நம் ஊரில் இதைத் தடுத்துச் சொல்லக் கூச்சப்படுகிறோம். தொடுவதற்கு முன் கேட்காத ஆசிரியரிடமும், வலிக்கிறது என்ற பிறகும் அழுத்துபவரிடமும் தொடர வேண்டியதில்லை. 40 டிகிரி வரை சூடாக்கிய அறையில் நடக்கும் ஹாட் யோகாவும் வந்துவிட்டது. சென்னை மே மாதத்தை மொட்டை மாடியில் இலவசமாக அனுபவிப்பவர்களுக்கு அது எதற்கு என்று எனக்கு விளங்கியதில்லை.

இந்தியாவில் யோகா சொல்லிக்கொடுக்க உரிமம் கட்டாயமில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் சான்றிதழ்களைப் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும்:

1. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018 முதல் இயங்கும் யோகா சான்றளிப்பு வாரியத்தின் சான்று. தேர்வு எழுதி, செய்து காட்டி வாங்குவது. விருப்பப்பட்டவர்கள் எடுப்பது, எல்லோரிடமும் இருக்காது.
2. "200 மணி நேரம்" என்ற சான்று. அமெரிக்காவிலுள்ள தனியார் பதிவு அமைப்பு ஒன்றின் அளவுகோல் இது. ஒரு மாத முகாமிலேயே இதை முடித்துவிடலாம் என்பதையும் சேர்த்து எடை போடுங்கள்.
3. பல்கலைக்கழகப் பட்டம் அல்லது டிப்ளமோ. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் போன்றவை நடத்துகின்றன.
4. பிஎன்ஒய்எஸ். இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த ஐந்தரை வருட மருத்துவப் படிப்பு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. நோய்க்காக யோகா என்றால் இவர்களிடம் போவது உத்தமம்.

சான்றிதழைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. முதல் நாள் மாஸ்டர் உங்களிடம் என்னென்ன கேட்கிறார் என்று பாருங்கள். பிபி, சுகர், பழைய அடி, ஆபரேஷன் எதையும் கேட்காமல் நேரே சூரிய நமஸ்காரத்தில் இறக்கினால், அங்கே உங்களைப் பார்க்கும் கண் இல்லை.

வரியும் கட்டணமும்

மாதம் 2,000 ரூபாய் அடிப்படைக் கட்டணம் என்றால் முன்பு வரியோடு 2,360. இப்போது 2,100. ஆனால் புதிய 5 சதவீதம் உள்ளீட்டு வரி வரவு இல்லாதது. அதாவது, மையம் தன் வாடகைக்கும் வாங்கும் பொருட்களுக்கும் கட்டிய ஜிஎஸ்டியை முன்பு கழித்துக்கொள்ளலாம், இப்போது முடியாது. 50,000 ரூபாய் வாடகைக்கு 18 சதவீத வரி 9,000 என்றால், அந்த ஒன்பதாயிரம் முழுதாக மையத்தின் செலவில் சேரும். அடிப்படைக் கட்டணத்தை ஏற்றி அதைச் சரிக்கட்ட வாய்ப்பிருக்கிறது. பில்லில் வரியை மட்டும் பார்க்காமல் மொத்தத் தொகையைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் தெருமுனை மாஸ்டர் ஜிஎஸ்டி பதிவே செய்திருக்க மாட்டார். பதிவு பெற்ற அறக்கட்டளைகளின் யோகா வகுப்புகளுக்குத் தனி விலக்கு உண்டு. இந்த இரண்டு இடங்களிலும் வரி குறைந்ததால் உங்களுக்கு ஒன்றும் மாறாது.

வருடச் சந்தாவில் தள்ளுபடி பெரிதாக இருக்கும். போகிற நாட்களால் தொகையை வகுத்துப் பார்க்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

வீட்டுக் கதவு

வீட்டில் செய்வது மலிவு, நேரம் மிச்சம் என்பதெல்லாம் சரி. ஆனால் இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கும் குடும்பத்தில், காலை ஆறு மணிக்கு யாருக்கு அரை மணி நேரம் தனியாகக் கிடைக்கும்? ஆண்களுக்குக் கிடைக்கலாம். பெண்கள் பாயை விரித்ததும் குக்கர் விசில், பால்காரர், பிள்ளையின் சாக்ஸ். நிறையப் பெண்களுக்கு வகுப்பின் மதிப்பு ஆசனத் திருத்தத்தில் இல்லை, யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. கட்டணம் கட்டியாகிவிட்டது, போய்த்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளவும் முடிகிறது. பணக் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

யாருக்கு எது

1. புதிதாகத் தொடங்குபவர்: இரண்டு மூன்று மாதம் வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லாத பேட்ச் கிடைத்தால் நல்லது. வாரம் இரண்டு நாள் முடியாவிட்டால் ஒரு நாள் போதும். முதுகுவலிக்காக வாரம் ஒருமுறை, இருமுறை என்று ஒப்பிட்ட 2013 ஆய்வில் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

2. அடிப்படை வந்தவர்: வாரத்தில் நாலைந்து நாள் வீட்டில் 20 முதல் 30 நிமிடம். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தனி வகுப்பு ஒன்று எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். மாதச் சந்தாவைவிடச் செலவு குறையும், கிடைக்கும் கவனம் அதிகம்.

3. தொடங்கித் தொடங்கி விடுபவர்: பக்கத்துத் தெரு வகுப்பு. ஆசிரியர் சுமாராக இருந்தாலும், நடந்து போகும் தூரத்தில் இருப்பதே மேல். பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிரமாதமான மையத்துக்கு இரண்டாவது மாதம் போக மாட்டீர்கள்.

4. நோய் உள்ளவர், கர்ப்பிணி: தனி வகுப்பு, மருத்துவரின் சம்மதத்தோடு. கூட்ட வகுப்பும் வீடியோவும் வேண்டாம்.

5. அறுபது தாண்டியவர்: விழாமல் இருப்பதுதான் முதல் நோக்கம். வீட்டில் செய்தால் டைல்ஸ் தரையில் ஜமுக்காளம் வழுக்கும், ரப்பர் பிடிப்புள்ள மேட் வாங்குங்கள். விருட்சாசனத்தைச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்று செய்யலாம். வீட்டில் வேறு ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஆசிரியரே கிடைக்காத ஊரில் இருப்பவர்: நேரலை வகுப்பு. போனை முகத்துக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில், பாய் முழுவதும் தெரியும் தூரத்தில், இடுப்பு உயரத்தில் வையுங்கள். கூன் விழுவதும் முழங்கால் பூட்டிக்கொள்வதும் பக்கவாட்டில்தான் தெரியும். நேரலை இல்லாத நாட்களில் அதே இடத்திலிருந்து இரண்டு நிமிடம் பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்பிவைத்தால், அடுத்த வகுப்பு அங்கிருந்தே தொடங்கும்.